முட்டி வைத்த வண்டி

1937ஆம் வருடத்து ஷெவர்லே கார்கள் இரண்டை அடுத்தடுத்து நிறுத்தினால், தெரியாதவர்கள் பின்பக்கம் போய்ப் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் முன்பக்கம் போய் மண்டியிடுவார்கள்.

பின்பக்கம் பார்ப்பதும் முழுத் தவறல்ல. அந்த வருடம் இரண்டு தினுசு வந்தது. சாதா வண்டிக்கு மாஸ்டர் என்று பெயர். உசத்தியானதற்கு மாஸ்டர் டீலக்ஸ். சாதாவுக்குப் பின்விளக்கு ஒன்று, வைப்பர் ஒன்று, கண்ணில் வெயில் படாமல் மறைக்கும் தட்டி ஒன்று. மூன்றும் ஓட்டுபவர் பக்கம்தான், அமெரிக்க வண்டியில் அது இடது பக்கம். டீலக்ஸுக்கு எல்லாமே இரண்டிரண்டு. ஆனால் விளக்கும் வைப்பரும் ஒரு திருப்புளி இருந்தால் கழற்றி மாட்டக்கூடியவை. ஒரு மழைநாள் மதியத்துக்குள் சாதாவுக்கு டீலக்ஸ் வேஷம் போட்டுவிடலாம். முன் சக்கரங்களை வண்டியோடு இணைத்திருக்கும் விதத்தை அப்படி மாற்ற முடியாது.

சாதா வண்டியில் இரண்டு முன் சக்கரங்களுக்கும் குறுக்கே ஒரே இரும்புத் தண்டு போகும். மாட்டு வண்டியின் அச்சு மாதிரி. அதன்மேல் இருபுறமும் ஸ்பிரிங் பட்டைகள். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சாயும். இரண்டும் ஒரே தண்டின் இரண்டு முனைகள் அல்லவா? டீலக்ஸில் குறுக்குத் தண்டு அசையவே அசையாது, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு இறுக்கப்பட்டிருக்கும். அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு இரும்புக் குடுவை தொங்கும். குடுவைக்குள் சுருள் ஸ்பிரிங், சுற்றிலும் எண்ணெய். குடுவையிலிருந்து ஒரு கை நீளும், அந்தக் கையின் நுனியில் சக்கரம். பள்ளம் வந்தால் அந்தக் கை மட்டும் மடங்கி நிமிரும், நாம் படியேறும்போது முட்டி மடங்குகிற மாதிரி. பக்கத்துச் சக்கரத்துக்குச் செய்தியே போகாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தோடு குடுவையும் சேர்ந்து திரும்பும். அதைப் பார்ப்பது தனி இன்பம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதை முட்டி என்றே சொல்வோம்.

முட்டிக்கு ஒரே நோய்தான். எண்ணெய் கசியும். எண்ணெய் வற்றினால் சக்கரம் நொண்டிக் குதிரைபோல் துள்ளும். அதனாலேயே எத்தனையோ பட்டறைகளில் முட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேர்த்தண்டை மாட்டினார்கள். இன்று கசியாத ஒரு ஜோடியைப் பார்ப்பது அபூர்வம்.

அப்படி ஒரு ஜோடி கிளெமென்ட் ராவுஷின் கொட்டகையில் இருந்தது. அதைக் கசியாமல் செய்தது அவருடைய மகள் நோரீன்.

கிளெமென்ட் ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில் சோளமும் சோயாவும் போட்டவர். அவரிடம் 37ஆம் வருடத்து ஷெவர்லே இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு. அது அவர் மனைவி ஐடாவின் வண்டி, பிறப்பில் சாதா மாஸ்டர். ஐடாவின் தங்கை வீட்டு வண்டிக்கு இரண்டு பின்விளக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தன் வண்டி ஒற்றைக் கண்ணோடு நிற்பது ஐடாவுக்குப் பொறுக்கவில்லை. கிளெமென்ட் பேசாமல் போய், முட்டி செத்துப்போய் யாரோ வயலில் விட்டிருந்த பச்சை டீலக்ஸ் ஒன்றை இழுத்து வந்தார். அதிலிருந்து இரண்டாவது விளக்கையும் வைப்பரையும் தட்டியையும் கழற்றிக் கறுப்பில் மாட்டிக் கொடுத்தார். அன்று முதல் ஐடா தன் வண்டியை "என் டீலக்ஸ்" என்றே சொல்லி வந்தாள். வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள், ஊரும் சொன்னது.

பச்சை வண்டி கொட்டகை மூலையில் கோழி அடைந்து கிடந்தது. ஐடா போன பிறகுதான் கிளெமென்ட் அதன் பக்கம் திரும்பினார். அதற்குள் அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கொட்டகைக்கு வருவாள். குடுவைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வெளியே எடுப்பது விளையாட்டல்ல, நழுவினால் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். அவள் கனத்த இரும்பில் தானே ஒரு பிடிச்சட்டம் செய்துகொண்டாள். எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல்களுக்குத் தோல் வெட்டினாள், ஊறவைத்தாள், பொருந்தாததைத் தூக்கிப் போட்டு மறுபடி வெட்டினாள். பனிக்காலம் பனிக்காலமாக இது நடந்தது. கடைசியில் எண்ணெய் ஊற்றும் துவாரத்து மூடிகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்தாள். தொழிற்சாலையில் அப்படி அடிக்கவில்லை. எங்கள் பழைய கார் சங்கத்தின் கண்காட்சிகளில் வண்டிகளின் அடிப்பாகத்துக்குப் புள்ளி போடும் நடுவர் நான். "இதுக்கு ஒரு புள்ளி குறைப்பேன்" என்றேன். "குறைச்சுக்கோங்க வெர்ன். எண்ணெய் பார்க்க மறந்துடக் கூடாதுன்னு எனக்கு நானே வெச்ச பொட்டு" என்றாள்.

கழற்றிய விளக்கையும் வைப்பரையும் மட்டும் பச்சை வண்டிக்குத் திருப்பவில்லை. நான் கேட்டேன். கிளெமென்ட் தலையை ஆட்டினார். "ஐடாவுக்குக் கொடுத்தது. செத்துட்டாங்கறதுக்காகப் புடுங்குவேனா?" துளைகளை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டார். ஆகவே பார்வைக்குக் கறுப்பு டீலக்ஸ், பச்சை சாதா. குனிந்து பார்த்தால் தலைகீழ்.

சென்ற பிப்ரவரியில் கிளெமென்ட் இறந்தார். உயிலில் கார்களைப் பற்றி இரண்டு வரிதான். மாஸ்டர் டீலக்ஸ் மகன் டுவெயினுக்கு. மற்ற வண்டி மகள் நோரீனுக்கு.

டுவெயின் அவளுக்கு நான்கு வயது இளையவன். படித்து முடித்ததும் கொலம்பஸுக்குப் போனவன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கும் வேலை. கொட்டகைக்குள் அவன் கால் வைத்து வருடங்கள் ஆகியிருந்தன. டீலக்ஸ் என்றால் அவனுக்கு அம்மாவின் கறுப்பு வண்டி. வக்கீலுக்கும் அப்படியே.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவன் வண்டியை எடுக்க வருவதாகச் சொன்னான். நோரீன் என்னைக் கூப்பிட்டாள். போனதும் சமையலறையில் காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"வெர்ன், இன்னைக்கு ஒரு நாள் உங்க வாயைக் கட்டிப் போடணும்."

"எதுக்கு?"

"அவன் கறுப்பைத்தான் எடுக்க வர்றான். எடுத்துக்கிட்டுப் போகட்டும். அவனுக்கு ரெண்டு விளக்கு போதும். எனக்குப் பச்சை போதும். யாரும் பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தா போதும்."

"எனக்கென்ன, நான் சும்மா இருப்பேன். உன்னால முடியுமா?"

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. தப்பான பெயரைக் கேட்டால் பொறுக்க மாட்டாத குணம் எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் உண்டு. போன வருடம் ஒரு சவ அடக்கத்தில், பெட்டி ஏற்றிவந்த வண்டியின் வருடத்தைப் பாதிரியார் தவறாகச் சொன்னார். மூன்று பேர் எழுந்து நின்று திருத்தினோம். அதில் ஒருத்தி நோரீன்.

டுவெயின் பெரிய ட்ரெய்லரோடு வந்தான். கூடவே ராண்டி என்று ஒருவன். பழைய கார்களின் முன்பாகத்தை வெட்டி எடுத்து, புது வண்டியின் முன்பாகத்தையும் பெரிய இன்ஜினையும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு வேலை செய்து கொடுப்பவன். கையில் காபிக் குவளையோடு கறுப்பு வண்டியைச் சுற்றி வந்தான்.

"அருமையான உடம்பு. இதுக்குள்ள ஒரு V8 இன்ஜினை இறக்கினோம்னா, டுவெயின், சாலையில நீதான் ராஜா."

"அக்கா மூஞ்சியைப் பாரு, ராண்டி. கோயில்ல துப்பினவனைப் பார்க்கற மாதிரி பார்க்கறா."

"உன் வண்டி. நீ வெட்டு, சுடு, என்னவோ பண்ணு" என்றாள் நோரீன்.

"அடேயப்பா. கோபமே வரலியே. உடம்புக்கு முடியலையா அக்கா?"

"காலையில வெறும் ரொட்டியும் நிலக்கடலை வெண்ணெய்யும் தின்னேன், அதான். ஏத்தற வேலையைப் பாரு."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ராண்டி மண்டியிட்டான். கைவிளக்கை அடித்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான்.

"நேர்த்தண்டு. நல்லதாப் போச்சு. டீலக்ஸுக்கெல்லாம் இந்த வலுவான தண்டைப் போட்டுட்டு, மட்டமான வண்டிக்குத்தான் அந்த ஒழுகற முட்டியைப் போட்டாங்க. அந்தப் பச்சையில இருக்கும் பாரு."

நான் நோரீனைப் பார்த்தேன். அவள் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தாள். என் நாக்கு என் பல்லுக்குப் பின்னால் துடித்தது. உலகத்தை இவ்வளவு தலைகீழாக ஒருவன் சொல்லிக் கேட்டதில்லை. கறுப்பு வண்டி ட்ரெய்லரின் பலகைமேல் பாதி ஏறிவிட்டது.

டுவெயின் கயிற்றை இழுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூலையில் நின்ற பச்சை வண்டியைப் பார்த்தான். அவன் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதே. நீதான் அவரோட கிடந்தே. நல்ல வண்டியை உனக்குத்தான் எழுதுவார்னு நினைச்சேன். மனுஷன் எனக்கு எழுதியிருக்கார். எனக்கே ஆச்சரியம். நான் சின்னப் பையனா இருந்தப்போகூட இதைக் காட்டி 'நம்ம டீலக்ஸ்'னு எப்படிப் பெருமையாச் சொல்வார்!"

"அவர் சொன்னதில்ல" என்றாள் நோரீன்.

வாயிலிருந்து தானாக விழுந்தது அது. ஸ்பேனர் கையில் அப்படியே நின்றது.

"என்ன சொன்னதில்ல?"

"ஒண்ணுமில்ல. ஏத்து."

ஆனால் டுவெயின் இருபது வருடமாகக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன். ஒருவர் பாதியில் நிறுத்தினால் அங்கேதான் விஷயம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

"இல்ல, நீ சொல்லு. இதை டீலக்ஸ்னு அப்பா சொன்னதே இல்லையா?"

"அம்மா சொல்வாங்க."

"அப்பா?"

"டுவெயின்," என்றேன் நான், "மழை வர்ற மாதிரி இருக்கு."

"இருங்க வெர்ன். அக்கா, அப்பா இதை என்னன்னு சொல்வார்?"

"அம்மா வண்டின்னு சொல்வார்."

"டீலக்ஸ்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல?"

"ஆமா, சொல்லியிருக்கார்" என்று அவள் சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல ஒரு மூச்சுகூடத் தேவையில்லை. அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் எதைச் சொல்லச் சொல்கிறோம் அவளை? கிளெமென்ட் ராவுஷ் ஒரு வண்டியைத் தப்பான பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று. மரப்பெட்டியில் ஆணிகளைக்கூட எந்த மாடலுக்குரியது என்று பிரித்து வைத்த மனிதரை. சாகும் முன் மருத்துவமனையில், ஜன்னல் வழியே போன ஒரு லாரியின் வருடத்தை நர்ஸிடம் திருத்திய மனிதரை.

"அப்பா எந்த வண்டியோட பேரையும் தப்பாச் சொல்ற ஆளில்ல" என்றாள்.

"அப்போ டீலக்ஸ்னா எது?"

அவள் கண் தானாகப் பச்சைக்குப் போயிற்று. டுவெயினும் அந்தப் பக்கம் திரும்பினான்.

ராண்டி சிரித்தான். "அதா? ஒரு விளக்கு, ஒரு வைப்பர். அது சாதா வண்டிங்க."

இதுதான் அவளை முடித்தது. தம்பி கேட்டபோதுகூடப் பாதியில் நின்றிருப்பாள். ராண்டியின் சிரிப்பு பொறுக்கவில்லை. "இங்கே வா" என்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பச்சை வண்டியின் பின்னால் நிறுத்தினாள். ரப்பர் மூடியைப் பிடுங்கிக் காட்டினாள். "விரலை விட்டுப் பாரு. விளிம்பு வழவழன்னு இருக்கா? தொழிற்சாலையில அடிச்ச துளை. இப்போ கறுப்புக்குப் போ. வலது பக்க விளக்குக்குப் பின்னால தடவு. பிசிறு குத்தும். அது எங்கப்பா கையால போட்டது." பிறகு முன்னால் இழுத்துப் போனாள். மூவரும் மண்டியிட்டார்கள். "குறுக்குத் தண்டு சேசிஸோட இறுகியிருக்கு பாரு, அசையாது. இதோ குடுவை. இதோ கை. வெர்ன், ஸ்டியரிங்கைத் திருப்புங்க." நான் திருப்பினேன். குடுவை சக்கரத்தோடு மெல்லத் திரும்பியது, சிவப்புப் பொட்டோடு. "முட்டி வந்தது உசத்தி வண்டிக்குத்தான். மட்டத்துக்கு இல்ல. இனி யாருக்கும் மாத்திச் சொல்லித் தொலைக்காதே."

அவள் முகம் ஒளிர்ந்திருந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று இன்னொருவனுக்குப் புரிந்துவிட்ட நொடியில் எங்களுக்கெல்லாம் வரும் ஒளி அது. ராண்டிக்குப் புரிந்துவிட்டது. டுவெயினுக்கும் புரிந்துவிட்டது. நோரீனுக்குத்தான் கடைசியில் புரிந்தது. மண்டியிட்டபடியே இருந்தாள்.

டுவெயின் எழுந்து கால்சட்டையிலிருந்து வைக்கோலைத் தட்டினான்.

"அப்போ இதுதான் என்னோடது."

"டேய் டுவெயின்," என்றாள், "கறுப்புக்குத்தானே வந்தே. கறுப்பை எடுத்துட்டுப் போ. எனக்கு இது வேணும்."

"நீ நெசத்தைச் சொல்லாம என்னை அனுப்பப் பார்த்தே."

"ஆமா."

"ஏன்?"

"இதை நான் செஞ்சேன்டா. ஒவ்வொரு சீலும் என் கையால வெட்டினது."

நான் குறுக்கே போனேன். "உனக்கு வெட்டத்தானே வேணும்? எதை வெட்டினா என்ன? கறுப்பை வெட்டு. முட்டியை வெட்டி எறியறதுக்கு எதுக்கு இந்த வண்டி?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "வெர்ன், நான் இங்கே வர்றப்போ என்ன நினைச்சுக்கிட்டு வந்தேன் தெரியுமா? கிழவன் ஏதோ கைத் தவறுதலா எனக்கு நல்லதை எழுதிட்டார்னு. இப்போ இவளே சொல்றா, அவர் வண்டிப் பேரைத் தப்பாச் சொல்ற ஆளில்லன்னு. அப்போ தெரிஞ்சுதானே எழுதியிருக்கார்? இவ செஞ்சதுன்னு தெரிஞ்சே எனக்கு எழுதியிருக்கார். என் வாழ்நாள்ல அவர் எனக்குன்னு யோசிச்சுக் கொடுத்த ஒரே பொருள். அதைப் போய் விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

நோரீன் இதற்குப் பதில் தேடினாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரே பதில்தான் இருந்தது, அதை அவளே சற்று முன் மூடிவிட்டாள். அப்பா கவனமில்லாமல் எழுதிவிட்டார் என்றால் வண்டி கிடைக்கும். கவனமாக எழுதினார் என்றால் வண்டியும் இல்லை, அத்தனை பனிக்காலங்களுக்குப் பிறகு அவர் யாரை நினைத்தார் என்பதும் தெரிந்துவிடும்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "எடுத்துக்கோ."

கறுப்பை இறக்கிப் பச்சையை ஏற்றினார்கள். ராண்டி கட்டும் பட்டையைச் சேசிஸில் மாட்டி இறுக்கத் தொடங்கினான். ஒதுங்கி நின்ற நோரீன் வந்துவிட்டாள்.

"அங்கே போடாதே. வழி முழுக்க முட்டி மடங்கியே இருந்தா சீல் பிதுங்கிடும். சக்கரத்தைச் சுத்திப் போடு."

"எப்படியும் கழட்டத்தானேங்க போறோம்?"

"கழட்டற வரைக்கும் ஒழுங்கா இருக்கட்டும்."

அவன் கட்டியது பிடிக்காமல் நான்கு சக்கரங்களையும் அவளே கட்டினாள்.

அதன்பின் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. கறுப்பு வண்டியைக் கோடையில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுவந்தாள். பதிவு மேசையில் இருந்தவர் பின்விளக்குகளைப் பார்த்து டீலக்ஸ் என்று சொல்ல, "மாஸ்டர்" என்று திருத்தினாள். சேராத விளக்கு, சேராத வைப்பர் என்று புள்ளிகளைக் குறைத்தேன். அவள் தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

அக்டோபரில் உதிரி பாகச் சந்தைக்குச் சேர்ந்து போனோம். மைதானம் முழுக்கச் சேறு. வரிசை வரிசையாகத் தார்ப்பாய்கள், அவற்றின்மேல் துருப்பிடித்த கிரில்கள், கதவுப் பிடிகள், ஹப் மூடிகள். ஓரத்தில் ஒருவன் தொத்திறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். நோரீன் ஒரு தார்ப்பாயின் முன் நின்றாள்.

இரண்டு இரும்புக் குடுவைகள் கிடந்தன, கையோடு. மூடிகள் சிவப்பு. குடுவையின் கழுத்தில் கட்டிய அட்டையில் "1939, முன்பக்கம்" என்று எழுதியிருந்தது.

விற்பவன் மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தான். "பாருங்கம்மா, பாருங்க. நல்ல சாமான்."

"முப்பத்தொன்பது இல்ல" என்றாள் நோரீன். "அந்த வருஷத்துக்குள்ள இந்தக் குடுவையை விட்டுட்டாங்க. அதுல ஸ்பிரிங் வெளியிலேயே தெரியும். இது முப்பத்தேழு. மாஸ்டர் டீலக்ஸ்."

"அப்படியா? தெரிஞ்சிருந்தா விலையைக் கூட்டி எழுதியிருப்பேனே." பேனாவை எடுத்து அட்டையில் அடித்துத் திருத்தினான். விலையையும் திருத்தினான். "ரொம்ப நன்றிம்மா. வேணுமா?"

அவள் சேற்றில் மண்டியிட்டாள். ஒரு குடுவையைப் புரட்டி, கை வெளியே வரும் இடத்தில், தோல் சீலைச் சுற்றி விரலை ஒரு சுற்று ஓட்டினாள். விரலை எடுத்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். புழுதி மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"ஒரு சொட்டு ஒழுகல, வெர்ன்" என்றாள்.

குடுவையை இருந்தபடியே, சிவப்பு மூடி மேலே வரும்படி வைத்துவிட்டு எழுந்தாள்.